மன்றோவும் மூணாறும்: ஒலி ஒப்புமையும் சொற்பிறப்பும்

மூணாற்றின் தேயிலைத் தோட்ட வரலாற்றைப் படிக்கத் தொடங்குவோர் முதலில் எதிர்கொள்ளும் பெயர்களுள் ஒன்று ஜான் டேனியல் மன்றோ. 1877 ஜூலை 11 அன்று பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைப்பகுதியை உரிமைப் பத்திரத்தின் வழியே பெற்றவர் அவர். திருவிதாங்கூரின் உயர்மலைகளைப் பற்றி 1880இல் நூலொன்றும் எழுதினார். மன்றோ, மூணாறு என்னும் இரு பெயர்களையும் ஆங்கில எழுத்தில் அடுத்தடுத்துக் காணும் மாணவருக்கு, ஊர்ப்பெயர் அவர் பெயரிலிருந்து பிறந்ததோ என்ற ஐயம் எழுவது இயல்பே. இதைத் தீர்க்க ஒலிமாற்ற விதிகளே போதும்.

முதலில் குடும்பப் பெயரைக் காண்போம். மன்றோ என்பது ஸ்காட்லாந்தின் வடபகுதியான ராஸ் நாட்டில் வேரூன்றிய குலத்தின் பெயர். கேலிக் மொழியில் அக்குலத்தவர் ‘ரோஹக்’ எனப்படுவர்; ‘ரோ’ என்னும் இடத்தைச் சார்ந்தவர் என்பது பொருள். வட அயர்லாந்தின் ரோ ஆற்றங்கரையிலிருந்து முன்னோர் வந்தனர் என்பது குல மரபு. கேலிக்கில் ‘புன்’ என்பது அடியையும் ஆற்றுமுகத்தையும் குறிக்கும். ‘புன் ரோ’ என்ற தொடரின் முதலொலி மூக்கொலிச் சூழலில் மகரமாகத் திரிந்து இப்பெயர் அமைந்தது என விளக்குவர். பிற்காலத்தில் ஹியூ மன்றோ என்பவர் 3,000 அடிக்கு மேற்பட்ட ஸ்காட்லாந்து மலைகளை 1891இல் பட்டியலிட்டார். அதன்பின் ‘மன்றோ’ அங்கே அத்தகைய மலையைக் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் ஆயிற்று.

இனி ஊர்ப்பெயர். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை ஆகிய மூன்று ஆறுகள் கூடுமிடம் மூணாறு. இலக்கியத் தமிழின் ‘ன்ற’ என்னும் மெய்ம்மயக்கம் மலையாளத்தில் ‘ன்ன’ ஆகிறது. தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘ண்ண’ அல்லது ‘ண’ ஆகிறது. ஒன்று என்பது மலையாளத்தில் ஒன்னு, பேச்சுத் தமிழில் ஒண்ணு. மூன்று என்பது அங்கே மூன்னு, இங்கே மூணு. ஆகவே மலையாளியின் ‘மூன்னார்’, தமிழரின் ‘மூணாறு’ ஆகிய இரு வடிவங்களும் தத்தம் மொழியின் ஒழுங்கான விளைவுகள். ஒன்றை மற்றொன்றின் சிதைவு எனக் கொள்ள இடமில்லை.

மன்றோ என்னும் பெயர் இந்நிலத்தில் ஊர்ப்பெயரானால் எவ்வடிவம் பெறும் என்பதற்கும் சான்று உண்டு. 1810 முதல் 1819 வரை திருவிதாங்கூரில் ரெசிடெண்டாக இருந்த கர்னல் ஜான் மன்றோவின் பெயரால், கொல்லம் மாவட்டத்தில் மன்றோத்துருத்து அமைந்துள்ளது. அதில் முதல் உயிர் குறில். இறுதி ஓகாரம் நிலைத்திருக்கிறது. ‘ன்ற’ என்பது பேச்சில் ‘ண்ட்ர’ என ஒலிக்கிறது. ‘மூன்னு’ என்பதில் நிகழ்ந்த பழைய மாற்றம் இந்தப் புதிய கடன்சொல்லைத் தொடவில்லை. மூணாற்றிலோ முதல் உயிர் நெடில். ‘ண்ட்ர’வும் இல்லை, ஓகாரமும் இல்லை. எனவே இரண்டும் வெவ்வேறு சொற்கள்.

இந்த வேறுபாடு அகராதியோடு முடிவதன்று. 1956 மாநிலச் சீரமைப்பின்போது தமிழர் மிகுந்த தேவிகுளம், பீருமேடு வட்டங்கள் எம்மாநிலத்துக்கு உரியவை என்ற வாதம் கடுமையாக நடந்தது. எல்லை நிலங்களில் ஊர்ப்பெயர்கள் உரிமைச் சான்றுகளாக முன்வைக்கப்படுவது இன்றும் தொடர்கிறது. ஆனால் மூணாறு என்ற பெயர் இரு மொழிக்கும் பொதுவான வேர்களால் ஆனது. ஆறுகளின் பெயர்களிலும் மலையாளப் ‘புழை’யும், தமிழ்ப் பேச்சுக்கு நெருக்கமான ‘தண்ணி’யும் அருகருகே நிற்கின்றன. இப்பெயரைக் காட்டி ஒரு மொழியினரை வந்தேறிகள் என்று கூற இயலாது.

மலையின் உரிமையை மாற்றியது 1877இன் பத்திரம். அந்த உரிமையை அரசு மீட்க 1971இல் தனிச்சட்டம் தேவைப்பட்டது. நில உரிமையை ஆராய்பவர் பத்திரங்களையும் உழைத்தோரின் வாழ்வையும் நாட வேண்டும். சொற்பிறப்பு கூறுவது, அந்நிலத்தில் யார் யார் அருகருகே பேசி வாழ்ந்தனர் என்பதை மட்டுமே. இடப்பெயராய்வில் ஈடுபடும் மாணவர்கள் ஒலி ஒப்புமையைத் தொடக்கமாகக் கொள்ளலாம்; ஒலிமாற்ற ஒழுங்கும் காலமுறையும் உறுதிசெய்யும் வரை அதை முடிவாகக் கொள்ளலாகாது.