ஊரை ஊரே ஆண்ட வரலாறு

கடலூர், சிதம்பரம் வட்டாரத்தின் உள்ளாட்சி வரலாற்றை எழுதுவோர் 1866-இல் தொடங்குவது வழக்கம். கடலூர் நகராட்சி அமைந்த ஆண்டு அது. ஆனால் இந்த மலரைப் படிக்கப்போகும் மாணவர்களுக்கு அதற்கும் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு முன்பிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது.

இன்றைய காட்டுமன்னார்கோயில் அன்று வீரநாராயண சதுர்வேதிமங்கலம். முதலாம் பராந்தக சோழனின் விருதுப் பெயரைத் தாங்கிய ஊர். அவ்வூர் நிர்வாகத்தைப் பெருங்குறி மகாசபை கவனித்தது. அங்குள்ள உடையார்குடி அனந்தீசுவரர் கோயில் கல்வெட்டு இதற்குச் சான்று. தன் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்றவர்களின் நிலங்களைப் பறிமுதல் செய்யும் ஆணையை இராசராச சோழன் இந்தச் சபையாருக்கே விடுத்தான். பேரரசனே ஆனாலும் ஒரு ஊர்க் காரியம் என்றால் சபை வழியாகத்தான் நடத்தினான் என்பதில் நம் மண்ணுக்குப் பெருமை உண்டு.

இத்தகைய சபைகளுக்கு ஆள் எடுத்த முறையைப் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) விரிவாகச் சொல்கின்றன. உத்திரமேரூர் 30 குடும்புகளாக, அதாவது வார்டுகளாக, பிரிந்திருந்தது. 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருக்க வேண்டும்; கால்வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். முன்பு வாரியத்தில் (நிர்வாகக் குழுவில்) இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் நிற்க முடியாது. தகுதியுள்ளோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்குவார்கள். ஓலையை எடுப்பவர் பெரியவர் அல்லர். உள்ளே யார் பெயர் இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன். மாணவர்களே, அந்தச் சபையில் உங்கள் வயதுக்காரனுக்கும் ஒரு பொறுப்பு இருந்தது! ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று வேலைகளைப் பிரித்துக்கொண்டார்கள். நிலமற்றவருக்கும் பெண்களுக்கும் அங்கே இடமில்லை. அவர்களும் உள்ளே வந்து அமர்வதற்கு நெடுங்காலம் ஆயிற்று. இனிச் சொல்லப்போவது பெரும்பாலும் அந்த வரலாறுதான்.

சோழர் காலத்துக்குப் பல நூற்றாண்டுகள் கழித்து, 1690-இல் கடலூரின் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராத்தியரிடமிருந்து வாங்கிப் புனித டேவிட் கோட்டை என்று பெயரிட்டது. 1746 முதல் 1752 வரை சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்கு இதுவே தலைமையிடம். கெடிலக் கரையில் மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், பழைய துறைமுகப் பக்கம் என்று தனித்தனியே வளர்ந்த ஊர்களை 1866-இல் ஒரே நகராட்சியாக இணைத்தார்கள். 1873-இல் சிதம்பரமும் நகராட்சி ஆயிற்று. தொடக்க கால உறுப்பினர்கள் அரசு நியமித்தவர்களே. கலெக்டரின் சொல்லே நடந்தது. ஆயினும் தெருவிளக்கு, சாலை, துப்புரவு, அம்மை குத்துதல் ஆகியவை அப்போதுதான் ஒரு பொது அலுவலகத்தின் கடமைகளாயின.

சிதம்பரத்துக்கு இன்னொரு சுமையும் சேர்ந்தது. நடராசர் கோயிலின் ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்கும் நான்கு வீதிகளிலும் தேர் ஓடும். வெளியூர்க் கூட்டம் அலைமோதும். தேர் நிலைக்கு வந்த பிறகு வீதியில் மிஞ்சுவது வாழை இலையும் பூச்சருகும் தேங்காய் ஓடும். அவற்றை வாரி, விடிவதற்குள் வீதியைப் பழையபடி ஆக்கிய துப்புரவுத் தொழிலாளர்களின் பெயர்களை எந்த ஆவணத்திலும் எழுதி வைக்கவில்லை. நகராட்சியின் வரலாற்றில் அவர்களுக்கு முதல் வரிசையில் இடம் தர வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து.

1882-இல் வைஸ்ராய் ரிப்பன் பிரபு வெளியிட்ட தீர்மானம் உள்ளாட்சியை மக்கள் பக்கம் திருப்பியது. 1884-இல் சென்னை மாகாணத்தில் நகராட்சிச் சட்டமும் உள்ளூர் வாரியச் சட்டமும் வந்தன. ஜில்லா போர்டு, தாலுகா போர்டு என்ற பெயர்கள் வழக்கில் பரவின. வரி செலுத்துவோர்க்கு மட்டும் வாக்கு. அந்தக் குறுகிய வாசல் வழியாகவும் நம்மவர் உயர்ந்தார்கள். கடலூரும் அடங்கிய அன்றைய தென்னார்க்காடு ஜில்லா போர்டின் தலைவராக இருந்த அ. சுப்பராயலு ரெட்டியார், 1920 டிசம்பரில் சென்னை மாகாணத்தின் முதலாவது முதன்மை அமைச்சரானார். உடல்நலக் குறைவால் 1921 ஜூலையில் பதவி விலகினார். அவருக்குப் பின் அப்பொறுப்பை ஏற்ற பனகல் அரசர், அதற்கு முன் உள்ளாட்சித் துறை அமைச்சராக இருந்தவர். தாலுகா போர்டுகள் 1934-இல் கலைக்கப்பட்டன.

விடுதலைக்குப் பின் 1950-இலும் 1958-இலும் பஞ்சாயத்துச் சட்டங்கள் நிறைவேறின. காமராசர் ஆட்சியில் வந்த 1958 சட்டம் ஜில்லா போர்டுகளுக்கு விடை கொடுத்து, ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. ஊர்ப்புறப் பள்ளிகளையும் சாலைகளையும் ஒன்றியங்கள் கவனித்தன. இன்றும் கீரப்பாளையத்திலோ குமராட்சியிலோ நடுத்தர வயதினரைக் கேளுங்கள், தாம் படித்த பள்ளியை ‘யூனியன் ஸ்கூல்’ என்றுதான் சொல்வார்கள்.

பிறகு சோதனைக்காலம். 1970-க்கு அடுத்த ஊராட்சித் தேர்தலுக்கு 1986 வரை காத்திருந்தோம். அந்த நெடிய இடைவெளி இனி வரக்கூடாது என்ற எண்ணம் நாடெங்கும் வலுத்தது. அரசியல் சட்டத்தின் 73-ஆம், 74-ஆம் திருத்தங்கள் 1993-இல் நடைமுறைக்கு வந்தன. ஐந்தாண்டுக்கு ஒரு முறை தேர்தல் கட்டாயமாயிற்று. தென்னார்க்காடு இரண்டாகப் பிரிந்து கடலூர் தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான். 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் பிறந்தது. 1996 தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கும் தலைவர் பதவிகளில் உரிய பங்கு கிடைத்தது.

ஊரை அறிந்த உள்ளாட்சியின் அருமையைப் பேரிடர்களும் காட்டின. 2004 டிசம்பர் 26 காலையில் சுனாமியாகக் கடல் ஊருக்குள் வந்தது. தேவனாம்பட்டினம் முதல் சிதம்பரத்தை அடுத்த கடலோரக் குப்பங்கள் வரை மாவட்டத்தில் 600-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றைய மாவட்ட ஆட்சியர் ககன்தீப் சிங் பேடி நிவாரணப் பணிகளை முன்னின்று நடத்தினார். எந்த வீட்டில் எத்தனை பேர், யார் கரை திரும்பவில்லை என்ற கணக்கை ஊர்ப் பெரியவர்களும் உள்ளாட்சி உறுப்பினர்களும் அறிந்திருந்தார்கள். அந்த அறிவு ஆட்சியர் அலுவலகக் கோப்புகளில் கிடைப்பதன்று. 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தபோதும், 2015 வெள்ளத்திலும், முதலில் அரிவாளும் கயிறுமாகத் தெருவில் இறங்கியவர்கள் அந்தந்த ஊர்க்காரர்களே.

இன்று மாவட்டத்தில் 683 கிராம ஊராட்சிகள் உள்ளன. 2019 டிசம்பரில் கிராமத்து வாக்காளர் ஒவ்வொருவரும் நான்கு ஓட்டுப் போட்டார்: வார்டு உறுப்பினருக்கு வெள்ளைச் சீட்டு, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் கவுன்சிலருக்குப் பச்சை, மாவட்டக் கவுன்சிலருக்கு மஞ்சள். அத்தேர்தலில் பாதி இடங்கள் பெண்களுக்கு. ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவர், துணைத் தலைவர் இருவரின் ஒப்பமும் வேண்டும். குடிநீர்த் தொட்டி, தெருவிளக்கு, வீட்டு வரி ஆகியவற்றின் வரவு செலவைக் கிராம சபையில் எவரும் எழுந்து கேட்கலாம். 500 பேர் வரை உள்ள ஊரில் 50 பேர் கூடினால்தான் சபை செல்லும். சபை கூடுவது சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 என்று நான்கு நாளாக இருந்தது, மார்ச் 22-உம் நவம்பர் 1-உம் சேர்ந்து இன்று ஆறாகியிருக்கிறது.

நகரத்தில் முறை வேறு. வாக்காளர் தம் வார்டுக்குக் கவுன்சிலரை மட்டும் தேர்ந்தெடுப்பார். கவுன்சிலர்கள் கூடித் தலைவரை அல்லது மேயரைத் தேர்ந்தெடுப்பர். சிதம்பரத்தில் 33 வார்டுகள். 2021-இல் மாநகராட்சியாக உயர்ந்த கடலூரில் 45. 2022 பிப்ரவரி 19-இல் தேர்தல் நடந்தது; மார்ச் 4 அன்று சுந்தரி ராஜா கடலூரின் முதல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெண்களுக்கு இடம் தராத அந்தப் பழைய உத்திரமேரூர் விதிகளின்படி அவர் சபை வாசலுக்குக்கூட வந்திருக்க முடியாது. அதே ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தில், நகர மக்களும் தம் பகுதிக் குறைகளை நேரில் பேசுவதற்கான பகுதி சபைகள் முதன்முறையாகக் கூடின.