தையில் அறுவை, சித்திரையில் உதிர்வு: எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் முடி கொட்டுவது பற்றி

1. பொருளும் எல்லையும்

சென்னையின் தென்புறத்து ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டையிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை பெரிய மருத்துவமனைகளும் மருத்துவக் கல்லூரிகளும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஊரப்பாக்கத்துக்காரருக்கு எடைக்குறைப்பு அறுவை என்பது இன்று தொலைதூரத்துச் சங்கதி இல்லை. மின்சார ரயிலில் சில நிலையங்கள் தாண்டினால் போதும். 'ஸ்லீவ்' முறையில் இரைப்பையின் முக்கால் பங்கை, சில சமயம் அதற்கும் மேலே, வெட்டி எடுத்துவிடுகிறார்கள். 'பைபாஸ்' முறையில் இரைப்பையைச் சிறு பையாகச் சுருக்கி, சிறுகுடலின் தொடக்கப் பகுதியைத் தொடாமல் உணவு இறங்கும்படி இணைக்கிறார்கள். ஆசியர்களுக்கு உடல்நிறைக் குறியெண் 27.5 வந்தாலே அறுவையைப் பரிசீலிக்கலாம் என்று 2022இல் பன்னாட்டு அறுவை மருத்துவச் சங்கங்கள் வரம்பைத் தாழ்த்தின. தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவற்றில் அந்த எண்ணைத் தாண்டிய ஒருவராவது இருப்பார்.

அறுவை நல்லதா கெட்டதா என்ற வழக்குக்குள் இக்கட்டுரை போகவில்லை. அறுவைக்குச் சில மாதங்கள் கழித்து முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது ஒன்றே இதன் பொருள். பல ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியான ஒரு பகுப்பாய்வு, அறுவை செய்துகொண்டோரில் சுமார் 57 விழுக்காட்டினருக்கு முடி உதிர்ந்ததாகக் கணக்கிட்டது. இளம் பெண்களிடம் இது மிகுதி. பாதிப் பேருக்கு மேல் நேர்வதை அரிய பக்கவிளைவு என்று சொல்ல முடியாது.

ஆனாலும் அறுவைக்கு முன் இதைப் பற்றிப் பேச்சு அதிகம் எழுவதில்லை. காரணம் புரிகிறது. 2024 ஏப்ரலில் பம்மலில் ஒரு தனியார் மருத்துவமனையில் எடைக்குறைப்பு அறுவைக்கு வந்த புதுச்சேரி இளைஞர் உயிரிழந்தார். அரசு விசாரணை நடத்தி மருத்துவமனையின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. உயிரைப் பற்றிய அச்சம் அறையை நிறைத்திருக்கும்போது, முடியைப் பற்றிக் கேட்க யாருக்கும் வாய் வராது.

2. தண்ணீர் மேல் விழும் பழி

தாம்பரத்துக்குத் தெற்கே முடி கொட்டினால் முதல் குற்றவாளி போர் தண்ணீர்தான். பழி எளிதில் ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. பொங்கல் முடிந்து தை மாதத்தில் ஒருவர் அறுவை செய்துகொண்டால், உதிர்வு தொடங்குவது சித்திரை வாக்கில். சித்திரையில்தான் போர் கீழே இறங்கும், தண்ணீரில் உப்பு ஏறும், அடுக்ககங்களுக்கு லாரித் தண்ணீர் வரும், வாளியில் வெள்ளைப் படலம் படியும். தலையில் ஊற்றும் தண்ணீரும் மாறியிருக்கிறது, தலைமுடியும் கொட்டுகிறது. இரண்டையும் முடிச்சுப் போடாதவர் யார்? கேன் தண்ணீரில் தலை குளிக்கிறார்கள், குழாயில் வடிகட்டி மாட்டுகிறார்கள், ஷாம்பூவை மாற்றுகிறார்கள். ஆண்கள் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் போகிறார்கள், இது மட்டும் உயிருக்கே ஆபத்து.

கடின நீர் முடியின் தண்டைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழவைக்கும், நடுவில் ஒடிக்கவும் கூடும். தோலுக்குள் இருக்கும் வேர்க்கால் சுழற்சியை அது மாற்றாது. எது நடக்கிறது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். கொட்டிய முடியை வெளிச்சத்தில் பிடித்தால், ஒரு நுனியில் வெள்ளையாகக் குண்டூசித் தலை போலச் சிறு முடிச்சு இருக்கிறதா என்று தெரியும். அப்படி இருந்தால் அது வேரிலிருந்து, தன் காலம் முடிந்து வெளியேறிய முடி. முடிச்சு இல்லாமல் குட்டையாக இருந்தால் ஒடிந்த முடி. அறுவைக்குப் பின் சீப்பில் வருவதில் பெரும்பகுதி முதல் வகை. தண்ணீர் விடுதலை பெறுகிறது.

3. மூன்று மாதக் கணக்கு

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் முடிகள். எந்த நேரத்திலும் அவற்றில் நூற்றுக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு வளர்நிலையில் இருக்கும். அந்நிலை இரண்டிலிருந்து ஆறு ஆண்டுகள் நீடிக்கும். பிறகு இரண்டு மூன்று வார இடைநிலை. அடுத்துச் சுமார் மூன்று மாத ஓய்வு. ஓய்வின் முடிவில் பழைய முடி விழ, கீழே புதியது முளைக்கும். நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை விழுவது இயல்பு.

உடலுக்குப் பெரிய அதிர்ச்சி வந்தால், வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமான பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். கையில் பணம் குறைந்த வீட்டில் முதலில் நிறுத்துவது பூக்காரியிடம் வாங்கும் முழம் பூவைத்தான், அரிசியை இல்லை. உடலும் இதயம், மூளை, கல்லீரலுக்கு உள்ளதை ஒதுக்கிவிட்டு முடிக்கான செலவை நிறுத்துகிறது. நிறுத்திய அன்று எதுவும் தெரியாது. ஓய்வுக்காலம் முடிந்து எல்லாம் சேர்ந்து விழும்போதுதான் தெரியும். இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று 1961இல் பெயர் வைத்தவர் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன்.

பெயர் புதிது, கணக்கு நம் வீட்டுப் பாட்டிகளுக்குத் தெரிந்ததுதான். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்பார்கள். குழந்தை முகம் பார்ப்பது மூன்றாம் மாதத்தை ஒட்டி. பிரசவத்தின் உதிர்வு வருவதும் அப்போதே. சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பு கிடையாது, ஆனால் நாள்கணக்கு துல்லியம். டைபாய்டு வந்து தேறியவர்களுக்கும், 2021 கொரோனா அலைக்குப் பின் பலருக்கும் இதே தாமதத்தில்தான் கொட்டியது.

மயக்க மருந்தும் கத்தியும்தான் காரணமோ என்ற ஐயத்துக்கு இப்போது இன்னொரு பக்கத்திலிருந்து விடை வந்திருக்கிறது. மௌன்ஜாரோ, வெகோவி ஆகிய எடைக்குறைப்பு ஊசிகள் 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியின் சோதனைகளில் மருந்து எடுத்தவர்களில் 3 விழுக்காட்டினரும், வெற்று ஊசி போட்டவர்களில் 1 விழுக்காட்டினரும் முடி உதிர்வைச் சொன்னார்கள். கத்தியே படாமலும் கொட்டுகிறது. எடை வேகமாக இறங்குவது தனியே ஒரு காரணம் என்று கொள்ள இது போதும். அறுவையில் அந்த வேகம் மிகுதி, ஆகவே உதிர்வும் மிகுதி.

இவ்வகை உதிர்வில் வேர்க்கால் சாவதில்லை. மூன்றாம் நான்காம் மாதம் தொடங்கும் உதிர்வு, பெரும்பாலும் அடுத்த ஆறு மாதங்களுக்குள் அடங்கும். புதிய முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் அளவில்தான் வளரும் என்பதால், பின்னல் பழைய தடிமனுக்கு வர அடுத்த தையும் தாண்டும்.

4. முன்பே வற்றிய இரும்பு

இதுவரை சொன்னது தானாகச் சரியாகும் பங்கு. தானாகச் சரியாகாத பங்கு ஒன்றும் உண்டு. நம் ஊரில் அது அறுவைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின் ஐந்தாம் சுற்றில் (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடற்பருமன் உடையவர்கள். அதே கணக்கெடுப்பில் அதே வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. பருத்த உடல் என்றால் சத்து நிறைந்த உடல் என்று நினைத்துக்கொள்கிறோம். இந்த இரண்டு எண்களும் அதை மறுக்கின்றன. சோறும் எண்ணெயும் சர்க்கரையும் எடையைக் கூட்டிக்கொண்டே இருக்க, இரும்பு வற்றிக்கொண்டே இருக்கலாம்.

அந்த உடல்தான் அறுவை மேசைக்குப் போகிறது. ஸ்லீவுக்குப் பின் இரைப்பை அமிலம் குறைகிறது. கீரை, பருப்பிலுள்ள இரும்பு கரைய அமிலம் வேண்டும். பைபாஸில் இரும்பு அதிகம் உறிஞ்சப்படும் முன்சிறுகுடலே வழியிலிருந்து விலக்கப்படுகிறது. மாதவிலக்கு வேறு. ஹீமோகுளோபின் 12 இருக்கிறதே என்று ஆறுதல் கொள்வதில் பயனில்லை, சேமிப்பு தீர்ந்தபின்தான் அது இறங்கும். சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின். அதிலும் ஒரு சூழ்ச்சி: உடற்பருமனோடு வரும் உள்ளழற்சி ஃபெரிட்டினைப் பொய்யாக உயர்த்திக் காட்டும். எனவே எல்லையோரமாக இருக்கும் எண்ணை இயல்பு என்று கடந்துபோகக் கூடாது. மேலே சொன்ன 2021 பகுப்பாய்வில், முடி கொட்டியவர்களிடம் ஃபெரிட்டின், துத்தநாகம், ஃபோலிக் அமிலம் மூன்றும் குறைந்திருந்தன.

அறுவைக்குப் பின் மாதவிலக்கு உள்ள பெண்களுக்கு நாள்தோறும் 45 முதல் 60 மில்லிகிராம் இரும்பு என்பது பன்னாட்டு வழிகாட்டல். மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் பாதி வீண். கால்சியம் மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலையில் எல்லாவற்றையும் உள்ளங்கையில் கொட்டி ஒரே வாயில் போட்டுக்கொள்வதுதான் நம் வீடுகளில் நடக்கிறது.

5. அறுபது கிராம்

முடி பெரும்பாலும் கெரட்டின். கெரட்டின் ஒரு புரதம். அறுவைக்குப் பின் நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. ஓர் இட்லியில் இருப்பது சுமார் 2 கிராம். அறுபது கிராமுக்கு முப்பது இட்லி வேண்டும், புதிய இரைப்பைக்கோ ஒன்றரை இட்லியே மூச்சு முட்டும். ரசம் சாதம், கஞ்சி, இளநீர் என்று 'லேசாக' சாப்பிடச் சொல்லும் நம் நோயாளி உபசாரம் இங்கே எதிராக வேலை செய்கிறது. வயிறு நிறைகிறது, புரதம் வரவில்லை.

முட்டை ஒன்றில் 6 கிராம். நூறு கிராம் பன்னீரில் 18 அளவில். நூறு கிராம் மீனில் 20 அளவில். வஞ்சிரம்தான் வேண்டும் என்பதில்லை, மத்தியும் போதும், முள் கவனம். சைவர்களுக்குக் கெட்டித் தயிர், பன்னீர், வேகவைத்து மசித்த சுண்டல், மருத்துவமனை எழுதித்தரும் புரதப் பொடி. எந்தத் தட்டிலும் புரதத்தை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக்குப் போவது என்ற ஒரே ஒழுங்கு, விலை உயர்ந்த எந்த எண்ணெயையும் விட வேர்க்காலுக்கு உதவும்.

6. கடையில் கிடைப்பவை

பயோட்டின் மிட்டாய்கள் மருந்துக்கடை முகப்பிலேயே தொங்குகின்றன. நாளுக்குத் தேவை 30 மைக்ரோகிராம். அவற்றில் பலவற்றில் 5,000, 10,000. குறைபாடே அரிது, ஆகவே பலனும் அரிது. பெரிய தொல்லை வேறிடத்தில்: அதிக அளவு பயோட்டின் சில இரத்தப் பரிசோதனைகளைக் குழப்பும் என்று 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. தைராய்டு முடிவு தவறாக வரலாம். முடி ஏன் கொட்டுகிறது என்று கண்டறியும் சோதனையையே அது கெடுத்துவிடுகிறது. பரிசோதனைக்குச் சில நாட்கள் முன்பே நிறுத்திவிட்டு, மருத்துவரிடமும் சொல்லிவிட வேண்டும்.

துத்தநாகத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அறுவைக்குப் பின் கொட்டிய முடி துத்தநாக சல்பேட்டால் நின்றது என்று 1996இல் ஓர் ஆய்வு எழுதியது. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து கொடுக்காத குழு அதில் இல்லை. தானே நிற்கிற உதிர்வில் எந்த மாத்திரையைக் கொடுத்தாலும் வெற்றி அதன் கணக்கில்தான் ஏறும். துத்தநாகம் அளவு மீறினால் செம்பு குறைந்து, இரத்தசோகையும் கால் மரத்துப்போதலும் வரும். குறைபாடு உறுதியான பின் மட்டுமே கூடுதல் அளவு.

தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இயங்குகிறது. கரிசலாங்கண்ணித் தைலம் இங்கே புதிய பொருள் இல்லை. எண்ணெய் தேய்ப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. தண்டு வழவழப்பாகும், சிக்கும் ஒடிதலும் குறையும். உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேறு விஷயம். அயச் செந்தூரம் இரும்பு சேர்ந்தது. ஏற்கெனவே இரும்பு மாத்திரை எடுப்பவர் இரு மருத்துவருக்கும் தெரியாமல் இரண்டையும் சேர்ப்பது தவறு. பிஆர்பி (இரத்தத்தட்டு செறிந்த பிளாஸ்மா) ஊசிக்கும் முடி நடுவதற்கும் இவ்வகை உதிர்வில் வேலையே இல்லை. மொட்டையும் அப்படியே: வேண்டுதல் என்றால் திருத்தணிக்குப் போகலாம், அடர்த்திக்காக என்றால் வேண்டாம்.

7. காத்திருக்கக் கூடாத இடங்கள்

அறுவை முடிந்து ஓராண்டுக்குப் பின்னும் கொட்டினால், அல்லது நின்று மறுபடி தொடங்கினால், அது சத்துக்குறைவு என்றே எடுத்துக்கொண்டு ஃபெரிட்டின், பி12, ஃபோலிக் அமிலம், துத்தநாகம், தைராய்டு பார்க்க வேண்டும். வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டு, வேறு வைத்தியம். நடுவகிடு அகன்றுகொண்டே போனால், அறுவைக்கு முன்பே பிசிஓடி இருந்த பெண்களிடம் ஹார்மோன் வகை உதிர்வும் கலந்திருக்கலாம். முடியோடு ஓயாத வாந்தி, தள்ளாட்டம், பார்வை இரட்டிப்பு சேர்ந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு. அது தயமின் குறைபாடாக இருக்கலாம், தாமதித்தால் மூளையைத் தாக்கும்.

8. தெருவின் கண்

மெலிந்த முகமும் மெலிந்த பின்னலும் சேர்ந்தால் தெரு ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறது. டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928இல் தாம்பரத்தில் காசநோய் மருத்துவமனையைத் தொடங்கிய வட்டாரம் இது. இளைத்தவரைப் பார்த்தால் "உடம்புக்கு என்னம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்கும் பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அறுவையை உறவினரிடம் மறைத்தவர்களுக்கு இக்கேள்வி இரட்டைச் சுமை. எல்லோருக்கும் விளக்கம் சொல்லக் கடமை இல்லை. "டயட்ல இருக்கேன், முடி திரும்ப வந்துடும்" என்பது பொய்யும் இல்லை.

சவுரி வைப்பது நம் அம்மாக்களின் வழக்கம். அதில் வெட்கப்பட ஏதுமில்லை. கனமானதாக இல்லாமல் தளர்வாக முடிந்துகொள்ள வேண்டும். ஈரத்தலையை இழுத்துப் பின்னுவதும், மெலிந்த பின்னலில் நான்கு முழம் மல்லிகையைத் தொங்கவிடுவதும் இருக்கிற முடியையும் இழுக்கும். தோளளவு வெட்டிக்கொண்டவர்களுக்குக் குறை பாதியாகத் தெரிகிறது. இதில் கணவரும் மாமியாரும் செய்யக்கூடிய உதவி ஒன்று உண்டு: குளியலறை வடிகாலில் கிடக்கும் முடியைப் பார்த்து "அப்பவே சொன்னேன்" என்று சொல்லாமல் இருப்பது.

9. கோரிக்கை

குரோம்பேட்டையிலிருந்து காட்டாங்குளத்தூர் வரை இவ்வறுவையைச் செய்யும் மருத்துவமனைகளுக்கு மூன்று வேண்டுகோள்கள். அறுவைக்கு முந்தைய பரிசோதனைப் பட்டியலில் ஃபெரிட்டினைச் சேருங்கள். குறைந்திருந்தால் ஈடுகட்டிய பிறகு தேதி கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுக்கும் தாளில், மூன்றாம் மாதம் முடி கொட்டலாம், தொடங்கி ஆறு மாதத்தில் அடங்கும், நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் என்று தமிழில் அச்சிடுங்கள். உதிர்வு தொடங்கும் அந்த மூன்றாம் மாதத்துக்கே உணவியல் நிபுணரின் அடுத்த சந்திப்பைப் போட்டுவையுங்கள்.