உணர்விழந்த சிறுநீர்ப்பை: மருத்துவம் கடந்த பாதை

சிறுநீர்ப்பை நிரம்பும் உணர்வு தண்டுவடம் வழியாகவே மூளையை எட்டுகிறது. தண்டுவடம் முற்றிலும் அறுபட்டால், பை நிரம்பினாலும் நோயாளிக்குத் தெரியாது.

முதல் உலகப் போரில் இவ்வாறு காயமுற்ற வீரர்களில் பெரும்பாலோர் சிறுநீர்த் தொற்றாலும் படுக்கைப் புண்ணாலும் இறந்தனர். அவர்களுடைய சிறுநீர்ப்பை மூளையின் கட்டளையின்றித் தானே சுருங்கி நீரை வெளியேற்றுவதையும், உடல் மிகையாக வியர்ப்பதையும் ஹென்றி ஹெட், ஜார்ஜ் ரிடாக் என்ற பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1917இல் விவரித்தனர்.

1944இல் இங்கிலாந்தின் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் தண்டுவடக் காயப் பிரிவைத் தொடங்கினார். தண்டுவடத்தின் மேற்பகுதியில் காயமுற்றவர்களுக்குப் பை உப்பும்போது இரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறுவதை 1947இல் அவரும் டேவிட் விட்டரிட்ஜும் விளக்கினர். திடீர்த் தலைவலி, முகம் சிவத்தல், வியர்வை ஆகியவை அதன் அடையாளங்கள். இழந்த உணர்வுக்குப் பதிலாக இவற்றைக் கவனிக்க நோயாளிகள் கற்றனர்.

குறித்த இடைவெளியில் கிருமி நீக்கிய குழாயைச் செலுத்தி, நீரை வடித்தபின் எடுத்துவிடும் முறையைக் குட்மன் வலியுறுத்தினார். அதற்குத் தேர்ந்த பணியாளர்கள் தேவைப்பட்டனர். 1972இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாபிடிஸ், கழுவிய கையும் சுத்தமான குழாயும் போதும், நோயாளியே செய்துகொள்ளலாம் என்று நிறுவினார். பை அளவுமீறி உப்புவதே தொற்றுக்கு வழிவிடுகிறது என்பது அவர் வாதம். சில மணி நேரத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்துப் பையைக் காலிசெய்யும் இம்முறை, பல்லாயிரம் பேரின் சிறுநீரகங்களைக் காத்துவருகிறது.