ஸ்டானாவின் புதைகுழி

புதைத்து 9 நாளான ஓர் உடலைத் தோண்டி எடுத்துப் பரிசோதிக்கும்படி ஒருமுறை எனக்கு உத்தரவு வந்தது. சாவில் சந்தேகம் என்று புகார். தாசில்தார் மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வேலிக்கருவை நிழலில் நின்றிருந்தார். பாயை விலக்கியதும் இறந்தவரின் அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "டாக்டரம்மா, வாயில ரத்தம் இன்னும் காயலையே. எந்தம்பிய உசுரோடவா பொதைச்சுட்டோம்?"

அவருக்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆனது. உடலுக்குள் கிருமிகள் உண்டாக்கும் வாயு வயிற்றை ஊதவைக்கும். அந்த அழுத்தம் நுரையீரலில் தேங்கிய செங்கருமையான நீரை வாய்க்கும் மூக்குக்கும் தள்ளும். இது செத்த பிறகு நடப்பது என்று மண்ணில் படம் போட்டுக் காட்டினேன். அதற்கப்புறம்தான் செர்பியாவின் ரத்தக் காட்டேரி அறிக்கைகளைத் தேடிப் படித்தேன். 27 ஆண்டுகள் பிணவறையில் வேலை பார்த்த எனக்கு அவை பேய்க்கதைகளாகத் தெரியவில்லை. என் மேசைக்கு வரும் கோப்புகளைப் போலவே இருந்தன.

1718-ல் ஒட்டோமான்களிடமிருந்து வட செர்பியா ஆஸ்திரியாவின் கைக்கு வந்தது. கூடவே, கண்டதை எழுதி மேலிடத்துக்கு அனுப்பும் அதிகாரிகளும் ராணுவ மருத்துவர்களும் வந்தார்கள். செத்தவர் திரும்பி வருவார் என்ற நம்பிக்கை அந்த ஊர்களில் வெகுகாலமாக இருந்தது. அதை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது இந்த அரசாங்கத் தாள்கள்தான்.

1725-ல் கிசிலியெவோ கிராமத்தில் பேதர் பிளகோயெவிச் என்ற குடியானவர் இறந்தார். அதன்பின் 8 நாளில் 9 பேர் செத்தார்கள். பேதர் தூக்கத்தில் வந்து தங்கள்மேல் படுத்துக் கழுத்தை நெரித்ததாகச் சாகும்போது அவர்கள் சொன்னார்கள். புதைகுழியைத் தோண்ட அனுமதி கேட்டு ஊரார் ஃப்ரோம்பால்ட் என்ற அதிகாரியிடம் போனார்கள். பெல்கிரேடிலிருந்து உத்தரவு வரட்டும் என்றார் அவர். அதற்குள் ஊரே அழிந்துவிடும், நாங்கள் கிளம்பிவிடுவோம் என்றார்கள். வேறு வழியில்லாமல் பாதிரியாரோடு அவரும் போய் நின்றார். புதைத்து 10 வாரமான உடலில் நாற்றமில்லை, பழைய தோல் உரிந்து புதுத்தோல் தெரிகிறது, நகமும் தாடியும் வளர்ந்திருக்கின்றன, வாயில் புது ரத்தம் என்று எழுதினார். நெஞ்சில் கூர்மரத்தை இறக்கி உடலை எரித்தார்கள். இதில் தவறிருந்தால் அச்சத்தால் நிலைகுலைந்த மக்களைச் சேரட்டும், என்னைச் சேர வேண்டாம் என்று முடித்திருக்கிறார்.

அவர் எழுதியதில் பொய் இல்லை. காற்றில் ஒரு வாரத்தில் அழுகும் அளவுக்கு மண்ணுக்குள் அழுக எட்டு வாரமாகும் என்று தடயவியல் மருத்துவர் காஸ்பர் போட்ட கணக்கை நான் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு. மேல்தோல் கையுறைபோலக் கழன்றால் அடித்தோல் சிவந்து புதிதாகத் தெரியும். தோல் வற்றிப் பின்வாங்குவதால் மயிர் வளர்ந்ததுபோல் இருக்கும். செத்தபின் உறைந்த ரத்தம் மீண்டும் இளகுவதும் உண்டு. வாயு நிறைந்த மார்பில் மரத்தை இறக்கினால் காற்று தொண்டை வழியே பீறிடும். வெளியே நிற்பவருக்கு அது முனகலாகக் கேட்கும். நாவலும் சினிமாவும் காட்டும் வெளிறிய பிரபு பிறகு வந்தவர். கிராமத்தார் கண்டது சிவந்து, ஊதிய உடம்பு.

1985-ல் டேவிட் டால்பின் என்ற வேதியியலாளர் போர்பிரியா நோயாளிகளே காட்டேரிகளாகக் கருதப்பட்டிருக்கலாம் என்றார். இதை நான் வன்மையாக மறுக்கிறேன். அந்த நோய் ரத்தத்துக்கு ஏங்க வைப்பதில்லை. வெயிலில் தோல் கொப்பளித்துத் துன்பப்படுகிறவர்கள்மேல் இன்னொரு பழியைச் சுமத்தத்தான் அந்தப் பேச்சு உதவியது. புதைகுழியில் கிடந்ததை விளக்க உயிருள்ள நோயாளியைத் தேடிப் போக வேண்டியதும் இல்லை.

என்னை அதிகம் உலுக்கியது மெத்வெஜா கிராமத்து அறிக்கை. அங்கே வைக்கோல் வண்டியிலிருந்து விழுந்து கழுத்து முறிந்து செத்த அர்னாவுத் பாவ்லேயை 40 நாளில் தோண்டி எரித்திருந்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, 1731-ன் பனிக்காலத்தில், 3 மாதத்துக்குள் 17 பேர் இறந்தார்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் ஒரே வீட்டில் கூடி, சிலர் தூங்க மற்றவர்கள் விழித்திருந்தார்கள். முதலில் வந்த கிளாசர் என்ற மருத்துவருக்குக் கொள்ளைநோய் எதுவும் தென்படவில்லை. 1732 ஜனவரி 7-ம் தேதி ராணுவ அறுவை மருத்துவர் ஃப்ளூக்கிங்கர் வந்து புதைகுழிகளைத் திறந்தார். மிலிட்சா என்ற 60 வயதுப் பெண் உயிரோடிருந்தபோது மெலிந்தவர், இப்போது கொழுத்திருக்கிறாரே என்று ஊரார் வியந்ததை அவர் குறித்திருக்கிறார். அது வாயுவின் வேலை. அந்த ஆண்டிலேயே இந்தச் செய்தி லண்டன் பத்திரிகைகளை எட்டியது.

1755-ல் மொராவியாவில் ஒரு பெண்ணின் உடல் இப்படித் தோண்டப்பட்டபோது பேரரசி மரியா தெரசா தன் மருத்துவர் வான் ஸ்வீட்டனிடம் விளக்கம் கேட்டார். அழுகாத உடலில் மாயம் ஏதுமில்லை என்று அவர் எழுதினார். பிணங்களைத் தோண்டி எரிப்பதைப் பேரரசி தடை செய்தார். என் தொழிலைச் செய்தவர் ஒருவரின் வார்த்தை அரசாணையானதில் எனக்குப் பெருமை உண்டு.

ஆனால் மெத்வெஜாவுக்கு அது 23 ஆண்டு தாமதம். ஃப்ளூக்கிங்கர் முதலில் திறந்தது ஸ்டானாவின் குழி. 20 வயது. பிரசவித்து, 3 நாள் நோயில் கிடந்து, 2 மாதத்துக்கு முன் இறந்தவள். குழந்தையும் பிறந்தவுடனே போய்விட்டது. அவள் நெஞ்சறையில் உறையாத ரத்தம் இருந்ததையும், மற்ற உறுப்புகள் கெடாமல் இருந்ததையும் ஃப்ளூக்கிங்கர் எழுதுகிறார். அதே பத்தியில் இன்னொன்றும் எழுதுகிறார்: கருப்பை பெருத்து வீங்கியிருக்கிறது, நஞ்சுக்கொடி வெளியேறாமல் உள்ளேயே தங்கி முற்றிலும் அழுகியிருக்கிறது.

அதை முதல்முறை படித்தபோது தாளைக் கீழே வைத்துவிட்டேன். அந்த அறிக்கை என் கையில் வந்திருந்தால், இறப்புக் காரணம் என்ற கட்டத்தில் நஞ்சுக்கொடி தங்கியதால் உண்டான பிரசவக் காய்ச்சல் என்று எழுதியிருப்பேன். கூர்ந்து பார்த்த அந்த மருத்துவர் அதைக் கண்டார், எழுதினார், அடுத்த குழிக்குப் போனார். அவளைக் காட்டேரிகளின் பட்டியலில் சேர்த்தார்கள். தலையை வெட்டினார்கள். உடலோடு சேர்த்து எரித்து, சாம்பலை மொராவா ஆற்றில் கொட்டினார்கள்.