இல்லாத கையின் வலி: விளையனூர் ராமச்சந்திரனும் ஒரு கண்ணாடியும்

பாலக்காடு மாவட்டத்திலுள்ள விளையனூர் என்னும் சிற்றூரின் பெயரை உலக நரம்பியலாளர்கள் ஓர் அறிஞரின் பெயரோடு சேர்த்தே அறிவர். விளையனூர் சுப்பிரமணியன் ராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தவர். இந்திய அரசியலமைப்பின் வரைவுக் குழுவில் இடம்பெற்ற அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரின் பேரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்றபோதே, இரு கண்களின் கூட்டுப் பார்வை குறித்த அவரது ஆய்வு 1972இல் நேச்சர் இதழில் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் பெற்றபின், 1983இல் சான் டியாகோவிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியரானார். பார்வையை ஆராய்ந்தவர் வலியின் வரலாற்றில் இடம்பெற்றது எவ்வாறு என்பது அறியத்தக்கது. அவர் தந்த சிகிச்சையும் அவர் தந்த விளக்கமும் பின்னாளில் வெவ்வேறு கதியை அடைந்தன என்பது அதனினும் அறியத்தக்கது.

அவர் ஆய்வுலகில் நுழைந்த காலத்தில் வலி ஆய்வு பெரும்பாலும் மூலக்கூறுகளின் ஆய்வாக இருந்தது. 1931இல் ஆய்லரும் கேடமும் கண்டறிந்த சப்ஸ்டன்ஸ் பி என்னும் நரம்புப் பெப்டைடின் அமைப்பை 1971இல் சூசன் லீமனின் ஆய்வகம் தெளிவாக்கியது. உடலே சுரக்கும் வலிநீக்கியான என்கெஃபலினை 1975இல் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் அபெர்டீனில் இனங்கண்டனர். காயத்தின் செய்தி தண்டுவடம் வழியே மூளைக்கு ஏறுவதையும் வழியில் தணிக்கப்படுவதையும் விளக்க இக்கண்டுபிடிப்புகள் உதவின. ஆனால் காயம்பட்ட உறுப்பே இல்லாதபோது எழும் வலிக்கு அவை மட்டும் போதுமான விடையாகவில்லை.

அவ்வலி புதியதன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களைக் கண்ட சைலஸ் வியர் மிட்செல், 1871இல் அதற்கு ‘மாய உறுப்பு’ என்னும் பொருள்படப் பெயரிட்டார். எஞ்சிய அடிப்பகுதியின் நரம்பு நுனிகளே காரணம் என்று கருதிய அறுவை மருத்துவர்கள் அப்பகுதியை மீண்டும் மீண்டும் வெட்டினர். பலருக்கு வலி நீங்கவில்லை.

1991இல் டிம் போன்ஸ் குழுவினர், பல ஆண்டுகளுக்கு முன் கை நரம்புகள் துண்டிக்கப்பட்ட குரங்குகளை ஆராய்ந்தனர். மூளைப் புறணியில் கைக்குரிய பகுதி, முகத்தைத் தொட்டபோது துலங்குவதைக் கண்டனர். அதைப் படித்த ராமச்சந்திரன், கையிழந்த பதினேழு வயது இளைஞர் ஒருவரின் கண்களைக் கட்டி, கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். இல்லாத கையின் விரல்கள் தொடப்படுவதாக இளைஞர் உணர்ந்தார். புறணியின் உடல் வரைபடத்தில் கைக்கு அண்டையில் முகம் அமைந்துள்ளது. வெறுமையான பகுதியை அண்டைப் பகுதி கைப்பற்றிக்கொள்கிறது என்பது 1992இல் அவர் தந்த விளக்கம்.

மாயக்கை இறுக மூடிக்கொண்டு, நகங்கள் உள்ளங்கையில் குத்துவதாகச் சிலர் துடித்தனர். ‘விரி’ என்று மூளை இடும் கட்டளைக்குக் கண்ணோ தசையோ மறுமொழி தராததால் அந்த முடக்கம் பழக்கமாகிவிடுகிறது என்று ராமச்சந்திரன் கருதினார். பெட்டியில் ஒரு கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியுமாறு செய்தார். இருக்கும் கையை விரித்தபோது சிலருக்கு மாயக்கையும் விரிந்தது; இறுக்கமும் வலியும் தணிந்தன. இது 1996இல் பதிப்பிக்கப்பட்டது.

ஒப்பீட்டுச் சோதனை பதினோர் ஆண்டுகளுக்குப் பின்னரே வந்தது. வால்டர் ரீட் இராணுவ மருத்துவமனையில் காலிழந்தோரிடம் நடந்த நான்கு வாரச் சோதனை 2007இல் வெளியானது. கண்ணாடியைப் பயன்படுத்திய அறுவருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியை மூடிவைத்த குழுவில் ஒருவருக்கே குறைந்தது. சோதனை சிறியது, பின்வந்த ஆய்வுகளில் பலன் ஒரே சீராக இல்லை. ஆயினும் சிகிச்சை நிலைத்தது.

விளக்கமோ அவ்வாறு நிலைக்கவில்லை. புறணி மாற்றம் மிகுந்தோர்க்கு வலியும் மிகுதி என்று 1995இல் ஹெர்த்தா ஃப்ளோர் காட்டியது அதற்கு வலுச் சேர்த்தது. ஆனால் 2013இல் தமர் மேக்கின் குழுவினர், வலி மிகுந்தோரிடம் கைக்குரிய பகுதி அழியாமல் நிலைத்திருப்பதைக் கண்டனர். கை நீக்கப்படுவதற்கு முன்பும் பின்பும் மூவரைத் தொடர்ந்து ஆராய்ந்து 2025இல் வெளியான ஆய்வும், உடல் வரைபடம் பெரிதும் மாறவில்லை என்றே கூறியது.

எனவே ‘கண்ணாடி மூளையை மாற்றி எழுதுகிறது’ என்று வகுப்பறைகளில் இன்றும் உறுதியாகச் சொல்லப்படும் கூற்று திருத்தப்பட வேண்டியது. அதற்காகக் கண்ணாடியை ஒதுக்கிவிடுவதும் பிழை. சிகிச்சையின் தகுதியை நோயாளியின் வலி குறைந்ததா என்பது தீர்மானிக்கும். விளக்கத்தின் தகுதியைத் தீர்மானிக்க வேறு சோதனைகள் வேண்டும். ஒன்றின் வெற்றியை மற்றொன்றின் சான்றாகக் கொள்ளலாகாது. நீரிழிவாலும் விபத்தாலும் உறுப்பிழப்போர் நிறைந்த நம் மருத்துவமனைகளிலும், கண்ணிவெடி கால் பறித்த வன்னியிலும், செலவு குறைந்த ஒரு கண்ணாடியை முறையாகச் சோதிக்கும் தேவை இன்றும் உள்ளது.