கோவிவன் என்னும் நாயும் தொண்டை நாட்டு வேட்டமும்

ஒரு வட்டாரத்தின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவன போர்க்களங்களே. பெரணமல்லூரைச் சுற்றி அத்தகைய களங்களுக்குக் குறைவில்லை. பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் வாகை சூடிய தெள்ளாறும், 1760 சனவரி 22ஆம் நாள் ஆங்கிலேயர் பிரெஞ்சுப் படையை முறியடித்த வந்தவாசியும் நமக்கு அண்மையில் உள்ளவை. இவற்றைப் பற்றி நூல்கள் பல எழுந்துள்ளன. ஆனால் இதே மண்ணில், வேலும் வலையும் ஏந்தி, நாயை உடன்கொண்டு, முயலையும் காட்டுப்பன்றியையும் தேடித் திரிந்த மக்களின் வரலாறு எங்கே எழுதப்பட்டுள்ளது?

அரசர்தம் மெய்க்கீர்த்திகளில் அவர்களுக்கு இடமில்லை. ஆயினும் இரண்டு சான்றுகள் அவர்களை மறவாது வைத்துள்ளன. ஒன்று புலவர் பாட்டு, மற்றொன்று நடுகல். இவ்விரண்டையும் அருகருகே வைத்துப் படிக்குங்கால், வேட்டம் ஒரு தொழில் என்பதோடு, விலங்கின் இயல்பை நுணுகி அறிந்த அறிவாகவும், தனக்கென ஓர் அறம் உடையதாகவும் விளங்கியமை புலப்படும். அதனை எடுத்துக்காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பாணர் வழியில் கண்ட வேட்டம்

தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை 500 அடிகளால் ஆயது. பரிசில் பெற்ற பாணன் ஒருவன், வறுமையுற்ற மற்றொரு பாணனைக் காஞ்சிக்கு ஆற்றுப்படுத்துவது அதன் அமைப்பு. அவ்வழியில் எயினர் வாழும் வறண்ட நிலம் வருகின்றது. அங்கு நிகழும் வேட்டத்தைப் புலவர் இரண்டு கட்டமாகக் காட்டுகின்றார்.

முதலாவது இரவு வேட்டம். மானின் அடிச்சுவடுகள் பதிந்த தடத்தருகே, நீர் வேட்கையால் விலங்குகள் வந்து சேரும் இடத்தில் குழி தோண்டி, அதனுள் ஒளிந்திருந்து, நள்ளிரவில் பன்றியின் வரவை எதிர்நோக்குவர். அப்பன்றியின் வளைந்த கொம்பிற்குப் புலவர் ஒரு பூவை உவமை கூறுகின்றார். பெயரளவில் வாகையாயினும் வெற்றிக்குச் சூடப்படாத வாகை அது என்பார். உரைகாரர் அதனை அகத்திப் பூ என்று கொள்வர். அகத்தி மொட்டின் வெண்மையையும் வளைவையும் கண்டோர்க்கு இவ்வுவமையின் பொருத்தம் விளக்க வேண்டுவதன்று.

இரவு வேட்டம் வாய்க்காதபோது நிகழ்வது பகல் வேட்டம். அகன்ற வாயையுடைய நாய்களோடு சென்று பசும்புதர்களை அடித்துக் கலைத்து, வேலிபோல் தொடர்ந்து கட்டிய வலைகளால் வளைத்து, முயல் தப்பிப் போக வழியின்றிப் பிடிப்பர். முயலின் நீண்ட செவிக்குத் தாமரையின் புறவிதழ் உவமையாகின்றது.

பன்றிக்கு இரவு, முயலுக்குப் பகல் என்னும் இப்பகுப்பு புலவரின் கற்பனையன்று. காட்டுப்பன்றி பெரும்பாலும் இரவில் மேய்வது. நீரும் சேறும் நாடி வருவது. ஆகவே நீர்த்துறையில் காத்திருப்பதே அதனைக் கொல்லும் வழி. முயலும் இரவில் மேய்வதே. ஆயினும் பகலில் புல்லிலும் புதரிலும் தன் உடலளவே ஆன படுக்கையில் அசையாது பதுங்கியிருக்கும். மிக அருகில் ஆளோ நாயோ வந்தாலன்றி எழாது. புதரைக் கலைத்தற்கு நாயும், எழுந்தோடும் விலங்கைத் தடுத்தற்கு வலையும் வேண்டுமென்பது இதனாலேயே. இன்றைய விலங்கியலார் கூறும் செய்தியைச் சங்கப் புலவர் வேட்டுவரிடமிருந்து கண்டறிந்து, செய்யுளில் பிழையறப் பொதிந்து வைத்தார் எனலாம்.

நாயின் பங்கு இத்துடன் முடியவில்லை. எயினர்தம் காவல் மனையில் நாய்கள் சங்கிலியால் பிணிக்கப்பட்டிருக்கும். விருந்தாக வரும் பாணர்க்கு அங்குப் படைக்கப்படுவது, மேட்டு நிலத்தில் விளைந்த நெல்லின் செந்நிறச் சோறும், நாய் பிடித்துவந்த உடும்பின் பொரியலும் ஆகும். பாணர் உண்ட சோற்றிற்குத் துணையாயது ஒரு நாயின் உழைப்பு என்பதை, கவிஞர்களாகிய நாம் நினைவிற்கொள்ளுதல் தகும்.

நம் சேயாறு பாயும் பல்குன்றக் கோட்டத்தைப் பாடும் மலைபடுகடாம் வேறொரு முறையைக் காட்டுகின்றது. செங்கண்மாத்து நன்னனை நாடிச் செல்லும் கூத்தர்க்கு வழி கூறும் பெருங்கௌசிகனார், தினைப்புனத்தை அழிக்கும் பன்றிக்கு அஞ்சிக் குறவர் வழிதோறும் கல்லால் ஆன பொறிகளை வைத்திருப்பர் என்றும், அவற்றில் அகப்படாது செல்லுக என்றும் எச்சரிக்கின்றார். செங்கண்மா இன்றைய செங்கம். ஆக, பன்றியால் உழவர் படும் துன்பம் இம்மாவட்டத்தில் நேற்றுத் தோன்றியதன்று.

வளை தோண்டாத முயல்

இவ்விடத்தில் மேலை நாட்டு வேட்டத்தோடு ஒரு சிறு ஒப்பீடு பயன் தரும். ஐரோப்பாவில் முயல் பிடிக்க நாயோடு ஃபெரட் என்னும் வளர்ப்பு விலங்கையும் பயன்படுத்துவர். தோற்றத்தில் நம் கீரியை ஒத்த, நீண்டு மெலிந்த உடலுடையது அது. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த கிரேக்க நிலநூலார் ஸ்திராபோ, ஸ்பெயின் நாட்டில் முயல்கள் பெருகிப் பயிரை அழித்ததையும், இவ்வகை விலங்கிற்கு வாய்ப்பூட்டு இட்டு வளைக்குள் விட்டு, வெளியேறும் முயல்களைப் புறத்தே நிற்போர் பிடித்ததையும் எழுதி வைத்துள்ளார்.

நம் வேட்டுவர் அத்தகைய விலங்கை ஏன் பழக்கவில்லை? விடை முயலின் இயல்பிலேயே உள்ளது. ஐரோப்பிய வளைமுயல் நிலத்தைக் குடைந்து கூட்டமாக வாழ்வது. அதன் குட்டி கண் திறவாது, மயிரின்றிப் பிறக்கும். நம் கருங்கழுத்து முயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி கண் திறந்தே, மயிரோடு பிறக்கும். வளையே இல்லாத முயலுக்கு வளையில் நுழையும் விலங்கு எதற்கு? நாயும் வலையுமே இம்மண்ணுக்குப் போதுமானவை. ஒவ்வொரு நாட்டின் வேட்டமும் அந்நாட்டு விலங்கின் வாழ்வைக் கற்றே அமைகின்றது என்பதற்கு இது நல்ல சான்று.

நாய்க்கு எழுந்த கல்

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்து என்று நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் ஆறாகப் பகுக்கும். அம்மரபு செழித்த நிலங்களுள் செங்கம் வட்டாரம் தலையாயது. தமிழ்நாடு அரசு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972இல் வெளியிட்ட ‘செங்கம் நடுகற்கள்’ என்னும் நூல் அதனை உலகறியச் செய்தது.

அவற்றுள் எடுத்தனூர் நடுகல் தனிச்சிறப்புடையது. முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 7ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்தது அது. கால்நடை கவர வந்தோரை எதிர்த்து உயிர்நீத்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல். வீரனின் உருவத்தோடு ஒரு நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. அந்நாயின் பெயர் கோவிவன் என்றும், அது கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றது என்றும் கல்லெழுத்து கூறுகின்றது. கோவிவன் காவல் நாய். வேட்டை நாய் என்று கல் கூறவில்லை. ஆயினும் நிரை காத்தலும் வேட்டமும் பிரியாதிருந்த வாழ்வில், நாய்க்கு எத்தகைய மதிப்பு இருந்தது என்பதை இக்கல் ஐயமின்றி உணர்த்துகின்றது. பெயர் சொல்லி அழைக்கப்பட்ட உயிர் அது. பெயர் சொல்லியே நினைக்கப்பட்டது.

வேட்டத்தில் மாய்ந்த நாய்க்கே எடுத்த கல்லும் உண்டு. அதன் கதை தொண்டை நாட்டில் தொடங்கிக் கன்னட நாட்டில் முடிகின்றது. 949இல் தக்கோலத்தில் நடந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் வீழ்ந்தான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்குத் துணைநின்ற கங்க மன்னன் பூதுகனின் படையில் மணலேரன் என்னும் வீரன் இருந்தான். போரில் காட்டிய வீரத்திற்குப் பரிசாக அவன் கேட்டுப் பெற்றது பொன்னன்று, ஊரன்று. காளி என்னும் வேட்டை நாய். பின்னர் அந்நாய் பெரும் பன்றி ஒன்றோடு பொருது, இரண்டும் ஒருங்கே மாய்ந்தன. அந்நாய்க்காக ஆதகூரில், இன்றைய மண்டியா மாவட்டத்தில், கல் நட்டு, நிலமும் விட்டு, வழிபாட்டிற்கும் ஏற்பாடு செய்தனர். நாயும் பன்றியும் எதிர்நின்று பொரும் காட்சி அக்கல்லில் செதுக்கப்பட்டுள்ளது. சோழர் வரலாற்றின் பெரும் தோல்வியொன்றைப் பற்றி நாம் அறிவதற்குத் துணைசெய்யும் சான்றுகளுள் ஒன்று, ஒரு வேட்டை நாயின் நினைவுக்கல் என்பது எண்ணி வியத்தற்குரியது.

குருளை என்னும் ஒரு சொல்

தொல்காப்பியத்து மரபியல் இளமைப் பெயர்களை வகுக்குமிடத்து, நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிகளையும் குருளை என்னும் ஒரு பெயரால் வழங்கும். துரத்தும் நாய்க்கும் துரத்தப்படும் முயலுக்கும், எதிர்த்து நிற்கும் பன்றிக்கும் குழவிப் பருவத்தில் பெயர் ஒன்றே. இலக்கண நூலார் இதனை வழக்கு நோக்கியே கூறினார் எனினும், வேட்டுவர் அறத்திற்கு இச்சொல் ஒரு வாயிலாக அமைகின்றது.

12ஆம் நூற்றாண்டில், தொண்டை நாட்டுக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார், கண்ணப்பரின் முதல் வேட்டையைப் பாடுகின்றார். திண்ணனார் நாணன், காடன் என்னும் இருவரோடு பன்றியொன்றைத் தொடர்ந்து நெடுந்தொலைவு ஓடிக் கொல்கின்றார். அவ்வேட்டைக்குச் சென்ற மறவர் யானைக் கன்றுகளைத் தொடரார். சிறு குருளைகளைக் கொல்லார். கருவுற்றுத் தளர்ந்த பிணைகளை அலையார் என்று சேக்கிழார் தெளிவுறக் கூறுகின்றார். கொலைத்தொழில் புரிவோர் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட எல்லை இது. இவ்வெல்லையைக் காப்பதற்கு, எதிர்ப்படும் விலங்கு இன்னதென்று கண்ணால் காணவேண்டும். நாயோடும் வேலோடும் அருகே சென்று செய்யும் வேட்டத்தில் அது இயலும்.

சட்டமும் வெடியும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நிலை மாறிற்று. 1879இல் நீலகிரிக்கு வேட்டை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1882இல் சென்னை வனச்சட்டம் காடுகளை அரசின் காப்புக்காடுகளாக்கியது. உதகையில் வெள்ளையர் சீமை நாய்களோடு குதிரையேறி நரி வேட்டையாடியது பொழுதுபோக்காகக் கருதப்பட்டது. காட்டில் பிறந்தவன் வயிற்றுக்காக வலை விரித்தால் அது குற்றமாயிற்று.

நாடு விடுதலை பெற்றபின் 1972இல் இயற்றப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, இன்று முயலை வலையிட்டுப் பிடிப்பதும் நாயை ஏவித் துரத்துவதும் தண்டனைக்குரியவை. காடு சுருங்கி விலங்கு அருகிய காலத்தில் இச்சட்டம் வேண்டுவதே. பழைய வேட்டத்தை மீண்டும் தொடங்குக என்பது நம் கருத்தன்று.

ஆனால் பன்றிக்கும் உழவர்க்கும் இடையேயுள்ள வழக்கு தீரவில்லை. மலைபடுகடாம் கூறிய கற்பொறியின் இடத்தில் இன்று களவாக வைக்கப்படும் மின்வேலியும் அவுட்டுக்காய் என்னும் வெடியும் உள்ளன. தின்பண்டத்துள் பொதிந்த வெடிக்குக் குருளை எது, சூல் கொண்டது எது என்று தெரியாது. பன்றி எது, மேய வந்த பசு எது, யானை எது என்றும் தெரியாது. 2025 சனவரியில் தமிழ்நாடு அரசு, காப்புக்காட்டிற்கு அப்பால் குறித்த தொலைவைக் கடந்து வந்து பயிரை அழிக்கும் பன்றிகளை வனத்துறையினரே சுடுவதற்கு வழிவகுத்தது. அதன் பயன் போகப்போகத் தெரியும். கண்டு அறிந்து, விலக்க வேண்டியதை விலக்கும் பொறுப்பு கருவி ஏந்துவோர்க்கு உண்டு என்னும் பழைய நெறி மட்டும் எக்காலத்துக்கும் பொருந்துவது.

நாம் செய்யத்தக்கது

வேட்டம் ஒழிந்தாலும் அதன் நிழல் வழிபாட்டில் நிற்கின்றது. பொங்கலை ஒட்டிக் காஞ்சி வரதராசப் பெருமாள் பழைய சீவரத்திற்கு எழுந்தருளும் விழாவிற்குப் பார்வேட்டை என்றே பெயர். செங்கம், தருமபுரிப் பகுதிகளில் நடுகற்கள் பலவற்றை மக்கள் வேடியப்பன் என்று வணங்குகின்றனர். மஞ்சளும் குங்குமமும் பூசப்பெற்ற அக்கற்களே காக்கப்பட்டவை. வழிபாடு அற்ற கற்களுள் வரப்பில் புதைந்தனவும், துவைகல் ஆயினவும், சாலைப்பணியில் உடைந்தனவும் உண்டு.

கல்லைப் போலவே சொல்லும் அழிகின்றது. ஞமலி என்பது பூழி நாட்டார் நாய்க்கு வழங்கிய திசைச்சொல் என்று உரையாசிரியர் குறித்து வைத்தமையால் அதன் பிறப்பிடம் நமக்குத் தெரிகின்றது. இன்று நம் சிற்றூர்களில் இருளர் பெரியவர்களும் முதிய உழவர்களும் முயலின் படுக்கைக்கும், பன்றியின் தடத்திற்கும், வலையின் உறுப்புகளுக்கும், நாயை ஏவும் குரலுக்கும் வழங்கும் சொற்களைக் குறித்து வைப்போர் யார்?

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்தில் ஆசிரியரும் நெசவாளரும் உழவரும் உளர்; ஊர்தோறும் உறவு உடையோர் உளர். அடுத்த ஆண்டுகளில், உறுப்பினர் ஒவ்வொருவரும் தத்தம் ஊர் எல்லையிலுள்ள பழங்கற்களைக் கண்டு, படமெடுத்து, எழுத்து இருப்பின் தொல்லியல் துறைக்குத் தெரிவிப்பாராக. தம் ஊர் முதியோரிடம் அமர்ந்து வேட்டச் சொற்களைக் கேட்டு, வட்டத்தின் குறிப்பேட்டில் பதிவு செய்வாராக. எடுத்தனூரில் எவனோ ஒரு கல்தச்சன், வீரனின் பெயரோடு நாயின் பெயரையும் பொறித்துவைக்க மறவாதிருந்தான். அக்கவனத்தில் ஒரு பகுதியேனும் நம்மிடம் இருத்தல் வேண்டும்.