மிருத்யுஞ்ஜய மந்திரத்தில் ஒரு வெள்ளரி

நோயாளி குணமாக வேண்டி மிருத்யுஞ்ஜய ஜபம் செய்வது இன்றும் வழக்கம். ‘மிருத்யுஞ்ஜயன்’ என்றால் சாவை வென்றவன். வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல் மந்திரத்துக்குள் இல்லை! ரிக்வேதம் ஏழாம் மண்டலத்தில், மருத்துக்களைப் பாடும் 59ஆம் சூக்தத்தின் கடைசிச் செய்யுளாக இது நிற்கிறது. அழைக்கப்படுபவனோ ‘த்ர்யம்பகன்’, அதாவது ருத்திரன். முக்கண்ணன் என்பது பரவலான உரை. ‘அம்பா’ தாய் என்பதால், மூன்று அன்னையரை உடையவன் என்றும் கொள்வதுண்டு.

என்னைக் கேட்டால், மந்திரத்தின் உயிர் ‘உர்வாருகம்’ என்ற சொல்லில்தான் இருக்கிறது. அது வெள்ளரி இனத்துக் காய். ‘பந்தனம்’ என்பது இங்கே அதைப் பிடித்திருக்கும் காம்பு. நன்றாகப் பழுத்தது தானாகவே காம்பைவிட்டுக் கழன்றுவிடும். பறிக்க ஆள் வேண்டியதில்லை. அப்படி மரணத்தின் பிடியிலிருந்து விடுபட வேண்டும் என்பதே வேண்டுதல். உடல்நலம் கேட்பவருக்கும் வீடுபேறு கேட்பவருக்கும் இது பொருந்தும்.

கடைசிச் சொல்லான ‘மாம்ருதாத்’தை ‘மா’, ‘அம்ருதாத்’ என்று பிரித்துப் பொருள் கொள்ளுங்கள். அமிர்தத்திலிருந்து என்னைப் பிரித்துவிடாதே என்பது அதன் பொருள்.